யாரோ சொன்ன பூசணி

எங்கள் வீட்டில் ஆறு வருடங்களாக என் மகளின் பெயரை யாரும் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று கட்டளை போட்டவன் நான். அவள் பெயர் மோகனப்ரியா. எங்களுக்கு ஒரே பிள்ளை.

சூளகிரியிலிருந்து நெடுஞ்சாலையை விட்டு உள்ளே மூன்று கிலோமீட்டரில் எங்கள் ஊர். எங்கள் நிலத்தில் பெரும்பகுதி தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. மிச்சம் இருப்பது கிணற்றை ஒட்டிய ஒன்றரை ஏக்கரும், தொழிற்சாலை ஆட்களுக்கு வாடகைக்கு விடுவதற்காகச் சாலையோரம் கட்டிய ஆறு லைன் வீடுகளும்தான். அந்த வரிசையில் கடைசி வீட்டில் குடியிருந்த மாதவன் என்பவனை மோகனப்ரியா ஓசூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பரமக்குடிப் பக்கத்து ஆள். ஒழுங்கானவன், குடிக்காதவன் என்று பிறகு நாலு பேர் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் நாங்கள் பெண் கொடுத்து வாங்கும் வகை இல்லை. அதற்கு மேல், எங்கள் வீட்டிலேயே வாடகைக்கு இருந்தவன். ஊரில் ஒரு வழக்கு, ஒரு வரப்புத் தகராறு என்றால் என் வாசலுக்குத்தான் வருவார்கள். தன் வீட்டில் நடப்பது தெரியாதவன் ஊருக்கு என்ன நியாயம் சொல்ல முடியும்? பெரியவர்கள் நாலு பேரை நிற்க வைத்து, கிணற்றடியில் மூன்று குடம் தண்ணீர் ஊற்றித் தலைமுழுகினேன். இறந்தவர்களுக்கு முழுகுவதுபோல. அன்றோடு எனக்கு மகள் இல்லை என்று அதற்குப் பொருள்.

என் மனைவி சுகுணா அன்று அழவில்லை. சில மாதம் கழித்து, மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய் போனில் பேச ஆரம்பித்தாள். யாரோடு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தடுக்க வேண்டியிருக்கும்.

போன கார்த்திகையில் ஒரு நாள் சாப்பாடு போட்டுவிட்டு, தட்டுக்குப் பக்கத்தில் ஒரு காகிதப் பொட்டலத்தை வைத்தாள். பிரித்தால் எட்டு விதைகள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரியது.

“யாரோ குடுத்தாங்க. ராட்சதப் பூசணியாம். ஒரு காயைத் தூக்க நாலு ஆள் வேணுமாம்” என்றாள்.

யார் என்று எனக்குத் தெரியும். மோகனப்ரியாவைத் தோட்டக்கலை படிக்க வைத்தவனே நான்தான். ஓசூருக்குப் பக்கத்தில் ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில் கம்பெனி ஒன்றில் அவள் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். பொட்டலத்தை நான் தொடவில்லை. தூக்கி எறியவும் இல்லை.

அதே வாரம் சூளகிரியில் விதைக்கடை வைத்திருக்கும் பாஸ்கரன் ஒரு நோட்டீஸ் கொடுத்தார். பங்குனியில் குந்தாரப்பள்ளிச் சந்தைத் திடலில் பெரிய காய்களுக்கு ஒரு போட்டி நடத்தப் போகிறார்களாம். ஜெயித்த காயை மேடையில் வைத்து, வளர்த்தவர் பெயரையும் ஊரையும் மைக்கில் சொல்வார்களாம். வீட்டுக்கு வந்து பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். ஆறு வருடமாக என் பெயரோடு சேர்த்து ஊர் பேசியது ஒன்றே ஒன்றுதான். இன்னொன்றும் பேசட்டும் என்று இருந்தது.

நாற்பத்தைந்து வருடமாகத் தக்காளி, கோஸ், கொத்தமல்லி என்று எல்லாம் வைத்திருக்கிறேன். பூசணி வைக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்றுதான் நினைத்தேன். வரப்போரமாக மூன்றடிக்கு ஒன்றாக எட்டையும் ஊன்றினேன். எட்டும் முளைத்தன. நாலு இலை விட்டதும் சுகுணா வந்து பார்த்தாள். செல்போனில் படம் எடுத்தாள். மறுநாள் காலை காபி கொடுக்கும்போது சொன்னாள், இப்படி வைத்தால் எட்டும் வீணாம், நல்லதாக ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற ஏழையும் பிடுங்கிவிட வேண்டுமாம், ஒரு செடிக்கு இருபதடி இடம் வேண்டுமாம்.

“யார் சொன்னது?” என்றேன்.

“யாரோ சொன்னாங்க.”

கையால் ஊன்றி முளைத்ததைப் பிடுங்குகிற வழக்கம் என்னிடம் இல்லை. மூன்று நாள் விட்டுவைத்தேன். நாலாம் நாள் பிடுங்கினேன்.

அதிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. நான் செடியைப் பற்றிச் சத்தமாக முணுமுணுப்பேன். இலையில் சிவப்பு வண்டு என்பேன், நுனி வெளுத்திருக்கிறது என்பேன். அடுத்த நாள் காபியோடு பதில் வரும். வெயில் ஏறுவதற்கு முன்னால் சாம்பல் தூவணுமாம். கொடி ஓடும்போது கணுவுக்குக் கணு மண் அணைக்கணுமாம், அங்கெல்லாம் வேர் விடுமாம். முதலில் வரும் பிஞ்சுகளை வைக்கக் கூடாதாம், கொடி பத்தடி தாண்டின பிறகு வருவதுதான் ஆகுமாம். சுகுணா இதையெல்லாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பிள்ளை மாதிரி ஒப்பிப்பாள். நடுவில் மறந்துவிட்டால் கொட்டகைப் பக்கம் போய்விட்டு வருவாள். தை மாதத்தில் ஒரு காலையில் என் வாயிலிருந்தே வந்துவிட்டது: “கொடி நுனியைக் கிள்ளலாமா வேண்டாமான்னு உன் யாரோகிட்ட கேளு.” சுகுணா திரும்பி என்னைப் பார்த்தாள். அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மோகனப்ரியாவுக்கு அதுதான் பெயர். யாரோவுக்குக் காய்ச்சலாம். யாரோ வேலைக்கு லீவு போட்டிருக்காங்களாம். பூசணிக்குச் சம்பந்தமில்லாத செய்திகளும் வந்தன. நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பூ விட்டபோது, ஈயும் தேனீயும் செய்யட்டும் என்று விடாமல் நாமே சேர்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். சூரியன் கிளம்பும் நேரத்தில் ஆண் பூ ஒன்றைப் பறித்து இதழைக் கிழித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் தடவி, பூவை மூடி நூலால் கட்டினேன். எழுபத்திரண்டு வயதில் முழங்காலில் உட்கார்ந்து பூவுக்கு நூல் கட்டுவதைப் பக்கத்து வயல் வெங்கடப்பன் பார்த்துவிட்டார். அவர் வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ்.

“ஏமண்ணா, பூசணிக்குக் கல்யாணமா? எங்களுக்குச் சாப்பாடு இல்லையா?”

வேறு சமயமாக இருந்தால் கல்யாணம் என்று என்னிடம் விளையாட மாட்டார். நானும் சும்மா இருந்திருக்க மாட்டேன். அன்று சிரித்தேன்.

பிஞ்சு நின்றது. மற்ற பிஞ்சுகளை எல்லாம் கிள்ளி எடுத்தோம். தேங்காய் அளவு வந்தபோது, காம்பு கொடியோடு ஒட்டி நெருக்கிக்கொண்டிருக்கிறது, தினமும் ஒரு விரற்கடை திருப்பி வையுங்கள் என்று சொல்லி அனுப்பினாள். ஐந்து நாள் திருப்பினேன். ஒன்றும் ஆகவில்லை. அடியில் ஆற்றுமணல் பரப்பி, மேலே சுகுணாவின் பழைய வெள்ளைச் சேலையைப் பந்தலாகக் கட்டினோம். மாசி முழுக்க அது ஊதியது. காலையில் கட்டின கயிறு மறுநாள் காலையில் எட்டாது. மாசிக் கடைசியில் சுற்றளவு அறுபத்தெட்டு அங்குலம். தொழிற்சாலை பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் சாலையிலிருந்து வந்து அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பங்குனி இரண்டாம் ஞாயிறு மதியம் பாஸ்கரன் வண்டி கொண்டுவந்து காயைக் குந்தாரப்பள்ளிக்கு ஏற்றிப் போவதாக ஏற்பாடு. அதற்கு இரண்டு நாள் முன்னால் சுகுணா சாப்பாடு போட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தாள்.

“ஞாயித்துக்கிழமை காலையில யாரோ காயைப் பார்க்க வர்றாங்களாம்.”

நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

“வரட்டுமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“யார் யாரோ வந்து பார்க்கிறாங்க. வர்றவங்களை நான் எங்கே தடுத்தேன்?” என்றேன்.

அவளுக்கு அது போதும். அன்று சாயங்காலமே அரிசி ஊறப்போட்டாள், முறுக்கு சுற்றினாள். மோகனப்ரியாவுக்குக் கைமுறுக்கு பிடிக்கும்.

நான் என் பங்குக்குப் பாதையைச் செதுக்கினேன். லைன் வீடுகளிலிருந்து கிணறு வரைக்கும் ஒரு புல் இல்லாமல் சுத்தம் செய்தேன். அவள் அந்தப் பாதையில்தான் வருவாள். எந்த இடத்தில் காய் அவள் கண்ணில் படும் என்று நானே நடந்து பார்த்தேன். அப்போதுதான் அது உறுத்தியது. காயின் நல்ல முகம் கிழக்கே, மலையைப் பார்த்து இருந்தது. செம்மஞ்சள் நிறம், ஆழமான வரிகள், ஒரு வடு இல்லை. பாதையைப் பார்த்து இருந்த பக்கம் வெளிறி, சப்பையாக, நோயாளி கன்னம் மாதிரி இருந்தது. ஆறு வருடம் கழித்து வருகிறவள் முதலில் பார்ப்பது அந்தப் பக்கத்தையா? எங்கள் வீட்டில் எதையும் அப்படி வைத்ததில்லை. கதவானாலும் மாடானாலும் நல்ல பக்கம் தெருவைப் பார்த்துத்தான் இருக்கும்.

ஞாயிறு காலை கரியப்பனை வரச் சொன்னேன். இருபது வருடமாக எங்கள் நிலத்தில் வேலை பார்ப்பவன். காயைச் சுற்றிச் சாக்கைப் போட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து மெதுவாகத் திருப்பிவிடலாம் என்றேன். அவன் காம்பைப் பார்த்தான். என் மணிக்கட்டுப் பருமன் இருந்தது.

“அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே, பெரியவரே. அவங்களுக்கு இதெல்லாம் விவரமாத் தெரியுது.”

எல்லாவற்றையும் கேட்டுத்தான் செய்திருந்தேன். இதை மட்டும் எப்படிக் கேட்பது? சுகுணா கேட்பது யாரோவிடம்தான். அவள் பார்க்கத்தானே செய்கிறேன். அவளையே போய்க் கேட்க முடியுமா? முன்னால் ஐந்து நாள் திருப்பியிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை என்றேன். அப்போது அது தேங்காய் அளவு, காம்பு பச்சை. அதை அவனும் சொல்லவில்லை, நானும் நினைக்கவில்லை.

பாதி திரும்பியது. சாக்குக் கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. சாக்கு கிழியவில்லை. காம்பு, காயின் தோளிலிருந்து ஒரு கை அகலச் சதையைப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தது. உள்ளே இருட்டாகத் தெரிந்தது. குளிர்ந்த ஒரு வாசனை வந்தது. கரியப்பன் கையை எடுத்துவிட்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றான்.

மதியம் வேறு வேலை வந்துவிட்டதென்று பாஸ்கரன் காலையிலேயே வண்டியோடு வந்துவிட்டார். கூடப் போட்டி நடத்துகிறவர்கள் இருவர். வண்டிச் சத்தம் கேட்டு வெங்கடப்பனும் வரப்பைத் தாண்டி வந்தார். எல்லோரும் காயைச் சுற்றி நின்றார்கள். சாவு வீட்டில் நிற்கிற மாதிரி, யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. உள்வரைக்கும் ஓட்டை விழுந்த காயை எடையில் சேர்க்கக் கூடாது என்பது விதி என்று கூட வந்தவர்களில் ஒருவர் மெல்லச் சொன்னார். பாஸ்கரன் அவர் கையைத் தொட்டு அடக்கினார். என் காதில் விழாத மாதிரி நின்றேன்.

அப்போதுதான் ஸ்கூட்டியை லைன் வீட்டருகில் நிறுத்திவிட்டு மோகனப்ரியா பாதையில் நடந்து வந்தாள். தனியாகத்தான் வந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள். முன்நெற்றியில் இரண்டு மூன்று நரை. முப்பத்து மூன்று வயதில் நரை. தயங்கித் தயங்கித்தான் வந்தாள். காயைக் கண்டதும் தயக்கம் போய்விட்டது. நேராக வந்து மண்ணில் மண்டியிட்டு, பிய்ந்த இடத்தில் இரண்டு விரலை வைத்து ஆழம் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“திருப்புனீங்களா?”

ஆறு வருடத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. குற்றம் சொல்லும் குரல் இல்லை. சின்ன வயதில் கன்றுக்குட்டி நொண்டினால் எங்கே வலிக்குது என்று அதனிடம் கேட்பாளே, அந்தக் குரல். ஆமாம்மா என்று சொல்லியிருக்கலாம். உனக்காகத்தான் என்று சொல்லியிருக்கலாம்.

பாஸ்கரன் நல்ல மனிதர். அந்தக் கனத்தை மாற்றத்தான் பேசினார். “பார்த்ததும் கண்டுபிடிச்சிட்டாங்களே, விவரமான ஆளா இருக்காங்க. யாருங்க இவங்க, உங்க பொண்ணா?”

வெளியாள் நாலு பேர் நின்றார்கள். நாலு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அன்று கிணற்றடியில் நான் தலைமுழுகியபோது நின்றவர்களில் வெங்கடப்பனும் ஒருவர். கிழிந்த காய் காலடியில் கிடந்தது.

“யாரோ” என்றேன்.

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் வந்துவிட்டிருந்தது, அந்தப் பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். அது உண்மை இல்லை. நாலு பேர் பார்த்தார்கள் என்பதற்காகச் சொன்னேன். அப்படியே இருந்தாலும், அந்தப் பெயர் அவளுக்கு இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் காதில் அது ஊரில் எல்லோரும் சொல்கிற யாரோதான்.

அவள் எழுந்து கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். முகம் மாறவில்லை. அந்த விஷயத்தில் அவள் என் மகள்தான். பாஸ்கரனைப் பார்த்துப் பேசினாள்.

“பெரியவர்கிட்ட சொல்லுங்க. இது போட்டிக்கு ஆகாது. தூக்கி நிழல்ல வைக்கட்டும். பிஞ்ச இடத்துல தண்ணி படக் கூடாது. ஒரு வாரத்துக்குள்ள வெட்டிடணும், இல்லேன்னா உள்ளேயிருந்து அழுகிடும்.”

நான் மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். பாஸ்கரன் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ‘சரிங்கம்மா’ என்றார். அவள் வந்த பாதையில் திரும்பி நடந்தாள். சுகுணா வீட்டிலிருந்து ஒரு தட்டில் முறுக்கும் இன்னொரு கையில் காபி டம்ளருமாக வந்துகொண்டிருந்தாள். இருவரும் பாதி வழியில் சந்தித்தார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. மோகனப்ரியா ஒரு முறுக்கை எடுத்தாள். சுகுணாவின் தோளைத் தொட்டாள். பிறகு வண்டிச் சத்தம்.

எல்லோரும் போன பிறகு சுகுணா வந்தாள். காயை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

“மாப்பிள்ளைக்கு குஜராத்துல இருக்கிற பிளான்ட்டுக்கு மாத்தல். புதன்கிழமை கிளம்பறாங்க. சொல்லிட்டுப் போகத்தான் வந்தா. காயைப் பார்க்க இல்ல” என்றாள். “அப்பா ஒரு வார்த்தை வான்னு சொன்னா உள்ளே வர்றேம்மா, சொல்லலேன்னா தோட்டத்தோட போயிடறேன்னு நேத்தே சொன்னா. சொல்வாருன்னு நான்தான் சொன்னேன்.”

மாப்பிள்ளை என்று அவள் சொன்னதை நான் தடுக்கவில்லை.

திங்களும் செவ்வாய் காலையும் எங்களுக்குள் பேச்சு இல்லை. காபி வந்தது; காபியோடு ஒன்றும் வரவில்லை. செவ்வாய் மதியம் சுகுணா பையில் துணி அடுக்குவதைப் பார்த்தேன். அவர்களோடு குஜராத்துக்குப் போய் வீடு ஒழுங்கு செய்து கொடுத்துவிட்டு, கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருவதாகச் சொன்னாள். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று சொல்லவில்லை. நாற்பது வருடத்தில் என்னிடம் கேட்காமல் அவள் எங்கும் போனதில்லை. அன்றும் கேட்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, “அரிசி டப்பா எங்கே, பருப்பு எங்கேன்னு தெரியலேன்னா யாரையாவது கேட்டுக்குங்க” என்றாள். கரியப்பன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் கூடப் போனான்.

புதன்கிழமை காலையில் சட்டையை மாற்றிக்கொண்டு நெடுஞ்சாலை வரைக்கும் போனேன். ஓசூர் பஸ் மூன்று வந்து நின்று போயின. ஓசூரில் எந்தத் தெருவில் போய் இறங்குவது என்று எனக்குத் தெரியாது. அவள் வீடு எங்கே என்று இந்த ஆறு வருடத்தில் நான் கேட்டதில்லை. கேட்கக் கூடியவள் அங்கேதான் இருந்தாள். சுகுணாவின் நம்பருக்குப் போன் செய்து, அவள் எடுப்பதற்குள் வைத்துவிட்டேன். திரும்பி வந்தேன்.

வெள்ளிக்கிழமை காயை வெட்டினேன். முழுப் பூசணியில் முதல் வெட்டு வீட்டு ஆண்பிள்ளைதான் போட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். போட்டேன். பிறகு கரியப்பன் துண்டு போட்டான். லைன் வீட்டுப் பெண்கள் பாத்திரத்தோடு வந்து வாங்கிப் போனார்கள். நல்ல சதை, நல்ல நிறம் என்று சொன்னார்கள். எங்கள் வீட்டுக்கு ஒரு துண்டு வைத்தான் கரியப்பன். அதை எப்படிச் சமைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மாட்டுக்குப் போட்டேன்.

அன்று மாலை வெங்கடப்பன் தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் வரப்பில் நின்று கேட்டார்.

“அண்ணா, வீட்டுல அக்காவைக் காணோமே நாலு நாளா. உடம்பு ஏதாச்சும்?”

“பொண்ணு வீட்டுக்குப் போயிருக்கா” என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். தலைமுழுகியபோது கிணற்றடியில் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். திடுக்கிடுவார், அல்லது உள்ளுக்குள் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மண்வெட்டியால் மடையை அடைத்துக்கொண்டே, “அப்படியா, நல்லது நல்லது. மோகனா இப்போ எங்கே இருக்குது?” என்று கேட்டார்.

“குஜராத்துல.”

“குஜராத்துல எந்த ஊரு? எங்க அண்ணன் பையனும் அங்கதான் இருக்கான், பக்கமா இருந்தா பார்த்துக்குவான்.”

எனக்குத் தெரியவில்லை. ரயிலில் போனார்களா, பஸ்ஸிலா, அதுவும் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பினார்.